தங்கைக்கு எடுத்த கத்திரிப்பூ நிறப் புடவை

சிங்கப்பூரின் தேக்கா உணவு நிலையத்தில் இருக்கைகளை நகர்த்த முடியாது. மேசையும் அதைச் சுற்றியுள்ள வட்ட இருக்கைகளும் தரையோடு சேர்த்துப் பொருத்தப்பட்டவை. நடுவில் உள்ள இடைவெளி எல்லாருக்கும் ஒன்றுதான். பெரிய உடம்புக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். சென்ற ஆண்டு ஒரு காலையில் என் தங்கை அந்த இருக்கையில் நேராக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மேசை விளிம்புக்கும் தன் வயிற்றுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு கை முழுசாப் போகுது!" என்றாள்.

"அம்மா இப்படித்தான் மாமா," என்றாள் அவள் மகள். "ஏர்போர்ட்டு, டிரெயின், டாக்சி, எங்க உக்காந்தாலும் அளந்து பாக்குறாங்க. ஊருக்குப் போறதுக்குள்ள சிங்கப்பூர்ல இருக்கிற எல்லா நாற்காலியும் அளந்து முடிச்சிருவாங்க."

"அளக்கட்டுமே," என்றார் தங்கையின் கணவர். "முப்பது வருஷம் உக்காராத நாற்காலியெல்லாம் இருக்குல்ல."

அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. திருச்சியில் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். பாதி உடம்பு போய்விட்டது என்றே சொல்லலாம். முகத்தில் எங்கள் அம்மாவின் எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அவளுடைய மகள், பெங்களூரில் வேலை பார்ப்பவள், அப்பாவையும் அம்மாவையும் எட்டு நாள் என்னிடம் அழைத்து வந்திருந்தாள். தங்கை வெளிநாடு வந்தது அதுவே முதல் முறை. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் மீன் துண்டை மெல்ல மென்று தின்றாள். பிறகு தோசையில் கால் பங்கு. தண்ணீரைத் தொடவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டுமாம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விமானக் கதையைச் சொன்னாள்.

"எனக்கு முன்னாடி வரிசையில ஒரு அம்மா, அண்ணே. நான் இருந்ததைவிடப் பெரிய உடம்பு. பெல்ட்டு எட்டல. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், என்ன செய்யப்போறாங்கன்னு. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு இன்னொரு துண்டு பெல்ட்டு கொண்டாந்து, சிரிச்சுக்கிட்டே மாட்டிவிட்டுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். ஒரே சீட்டு."

கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்குக் கம்பெனி ரூல்ஸ் மாறும்," என்றார் அவள் கணவர், அவசரமாக.

நான் தேநீரைக் குடித்தேன். இனி இதை மறைத்து எழுதிப் பயனில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்குத் திருமணம். பெண் வீட்டார் மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். வீட்டில் இரண்டு மருத்துவர்கள். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவனுடைய உடன்பிறந்தவள் பெண்ணுக்குப் பின்னால் நின்று போடுவாள். என் மகன் ஒற்றைப் பிள்ளை. "அத்தை இருக்கையில வேற யாரு போடுறது?" என்று என் மனைவி முடிவே செய்துவிட்டாள். என்னைக் கேட்கக்கூட இல்லை. தங்கைக்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்தாள். திருச்சியிலிருந்து வரவிருந்த ஒருவரிடம் சொல்லித் தங்கையின் அளவு ரவிக்கை ஒன்றை வரவழைத்தாள். தேக்கா மாடியில் உள்ள தன் தையல்காரரிடம் கொடுத்துப் புது ரவிக்கையும் தைத்து வைத்தாள். அளவு எதற்கு என்று தங்கை கேட்டபோது, "வந்து பாரு" என்று மட்டும் சொன்னாளாம்.

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மேடை. மேடையில் எல்லாக் கேமராவுக்கும் நேரே, பெண்ணுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கப்போகிற என் தங்கை. பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்பதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. நான் அப்படிப்பட்டவன் என்பதற்குத்தான் இருந்தது.

தங்கைக்குப் போன் செய்தேன். "உன் உடம்புக்கு ஏர்லைன்ஸ்ல ரெண்டு சீட்டு போடணும்னு சொல்றாங்கம்மா. நான் விசாரிச்சிட்டேன்," என்றேன். நான் யாரையும் விசாரிக்கவில்லை.

"பரவால்லண்ணே. ரெண்டு சீட்டே போட்டுக்கிறோம். நான் வரேன்," என்றாள்.

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஏதேதோ முனகினேன். அவளே கேட்டாள்: "அண்ணிக்கு நான் வர்றது பிடிக்கலையா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது: "அவ குணம் உனக்குத் தெரியாதா?"

அத்தோடு எல்லாம் முடிந்தது. மனைவியிடம், தங்கைக்கு முட்டி வலி, அவளே வரவில்லை என்று சொல்லிவிட்டாள் என்றேன். மனைவி உடனே போன் போட்டாள். "வர முடியாது அண்ணி," என்று மூன்றே வார்த்தையில் தங்கை வைத்துவிட்டாள். மற்ற முடிச்சுகளை என் மனைவியின் அக்கா மகள் போட்டாள். புடவையை யாரிடமாவது கொடுத்து அனுப்பச் சொல்லி மனைவி என்னிடம் தந்தாள். அனுப்பினால் தங்கைக்கு உண்மை தெரிந்துவிடும். அனுப்பிவிட்டேன் என்று சொல்லி, அலமாரிக்கு மேல் இருந்த பழைய பெட்டிக்குள் வைத்தேன்.

"கிடைச்சதுன்னுகூட ஒரு வார்த்தை சொல்லலையே உங்க தங்கச்சி," என்று மனைவி பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ அப்படித்தான்," என்றேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவி நோயுற்று மருத்துவமனையில் படுத்தாள். தங்கை ஒரே ஒரு முறை போனில் பேசினாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அயலாரிடம் சொல்வதுபோல் சொன்னாள். மனைவி போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அந்த அறையிலேயே நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள்.

ஆகவே தங்கை வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு காரியம்தான் இருந்தது. அவள் ஊருக்குத் திரும்புவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். எட்டு நாள் இருக்கிறதே என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன்.

தள்ளிப்போட்டது மட்டும் இல்லை, அந்த நாட்களில் நான் மகிழ்ச்சியாக வேறு இருந்தேன். அவளை எல்லாருக்கும் காட்டினேன். தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்ததும், "இது என் தங்கச்சி," என்று நானே போய் நிறுத்தினேன்.

"அங்கிள், உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?" என்று அவர் இந்த ஊர்ப் பேச்சில் வியந்தார். "இருபது வருஷமா பக்கத்துல இருக்கோம், சொன்னதே இல்லையே லா!"

தங்கை சிரித்தாள். "அண்ணன் ரொம்ப அடக்கமானவரு," என்றாள்.

லிஃப்டில் ஏறும்போதும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதில் நகைப்பு எவ்வளவு, வேறு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்தான் நாங்கள் தேக்காவுக்குப் போனது. சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறினோம். தங்கையின் ரவிக்கைகள் எல்லாம் இப்போது தோளிலிருந்து நழுவுகின்றன. நான்கைப் பிடித்துத் தைக்கக் கொடுப்பதற்காகப் பையில் கொண்டு வந்திருந்தாள். எந்தக் கடைக்குப் போவது என்று நான் யோசிப்பதற்குள் என் மனைவியின் தையல்காரர் என்னைப் பார்த்துக் கை காட்டிவிட்டார்.

"வாங்க சார். அம்மா போனப்புறம் இந்தப் பக்கமே காணோமே," என்றார். தங்கையின் பழைய ரவிக்கையை விரித்துப் பிடித்து, நெற்றியைச் சுருக்கினார். "இந்த அளவுல ஒண்ணு தைச்சிருக்கேனே. ஊர்லேருந்து அளவு வந்துச்சு. அம்மா மூணு தடவை வந்து கை நீளத்தைப் பாத்துட்டுப் போனாங்க. கல்யாணத்துக்கு..."

"எங்களுக்கு நேரமாச்சு," என்றேன். "எப்பக் கிடைக்கும், அதைச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

படியில் இறங்கும்போது தங்கை கேட்டாள். "அவரு என்னண்ணே சொல்ல வந்தாரு?"

"பழைய ஆளு. யாரோடயோ குழப்பிக்கிறாரு."

எழுபத்திரண்டு வயதில், பட்டப்பகலில், மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில், மறுபடியும் ஒரு பொய். சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இன்று அதிகம் கூசுகிறேன்.

ஐந்தாம் நாள் பாசிர் ரிஸில் என் மகன் வீட்டில் விருந்து. சம்பந்தியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர்களை வரவழைக்கச் சொன்னது நான்தான். யாருக்குப் பயந்து அவளை ஒளித்தேனோ அவர்களுக்கே இப்போது அவளைக் காட்ட ஆசைப்பட்டேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தியம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைப் பாக்கணும்னு அப்போ எவ்வளவு ஆசைப்பட்டோம் தெரியுமா? கல்யாணத்துக்கு முட்டி ஆபரேஷன்னு சொன்னாங்களே. இப்ப நல்லா நடக்குறீங்களா?"

தங்கைக்கு முட்டியில் எந்த அறுவை சிகிச்சையும் நடந்ததில்லை; முட்டி வலியை இவர்களிடம் ஆபரேஷனாக்கிச் சொன்னவன் நான். அவள் ஒரு கணம் என் பக்கம் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "இப்பப் பரவால்ல. மாடிப்படியே ஏறுறேன்."

என்னைக் காப்பாற்றினாள். நான் என்ன செய்தேன்? அந்தக் கூச்சத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் உபசாரத்தில் இறங்கினேன். பாயசக் கிண்ணத்தை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"வேணாண்ணே. இனிப்பு எனக்கு ஒத்துக்காது."

"ஒரு வாய்ம்மா. சம்பந்தி வீட்லேருந்து கொண்டாந்த பாயசம். வேணாம்னு சொன்னா நல்லா இருக்குமா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிண்ணத்தில் பாதியைக் குடித்தாள். அரை மணிக்குள் முகமெல்லாம் வியர்த்தது. டாக்சியில் மகளின் தோளில் சாய்ந்து, நெஞ்சு படபடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரிஞ்சும் ஏம்மா குடிச்சீங்க?" என்று மகள் கோபப்பட்டாள். "டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு?"

"மாமா கொடுத்தாருல்ல," என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் காலை அவளுக்குச் சரியாகிவிட்டது. ஆனாலும் களைப்பு இருந்தது. கேபிள் கார் சவாரிக்கு அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். அவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சிறு கிண்ணத்தில் தயிரைக் கரண்டி நுனியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினேன்.

"விழுந்துடப் போறீங்க. என்னண்ணே அது?"

உறையைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். புடவையைத் தடவிப் பார்த்தாள். பிறகு ரவிக்கையை எடுத்து இரு கைகளாலும் விரித்தாள். அதற்குள் இப்போது அவளைப்போல் இரண்டு பேர் நுழையலாம். உறையின் அடியில் அவளுடைய அளவு ரவிக்கையும் இருந்தது, கழுத்தில் அவளே போட்ட தையலுடன்.

"உனக்கு," என்றேன். "என் பையன் கல்யாணத்துக்கு அண்ணி எடுத்தது. நீதான் முடிச்சுப் போடணும்னு எடுத்தா."

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"ரெண்டு சீட்டுன்னது பொய். யாரையும் நான் கேக்கல. அண்ணிக்குப் பிடிக்கலன்னதும் பொய். எனக்குத்தான் வெட்கமா இருந்துச்சு. உன்னை மேடையில நிக்கவைக்க."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"ரெண்டு சீட்டு பொய்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "மறுநாளே இவர் டிராவல்ஸ்ல போய்க் கேட்டுட்டு வந்தாரு. அண்ணி சொல்லிக் கொடுத்து நீங்க சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"நான்தான்."

"புடவை வந்துச்சான்னு அண்ணி கேட்டாங்களா?"

"அனுப்பிட்டேன்னு அவகிட்ட சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லலையேன்னு வருத்தப்பட்டா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டாள். "அவ அப்படித்தான்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதைப்போல.

"அவங்ககிட்ட நான் அப்படி. என்கிட்ட அவங்க அப்படி. நடுவுல நீங்க நல்லவரு."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் ரெண்டு நிமிஷம் பேசினேன். அந்த ரெண்டு நிமிஷத்துலயும் எப்படா வைப்போம்னு இருந்தேன். சாகுறப்போ அவங்க என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டுச் செத்தாங்களோ. அதை நீங்க எப்படி எனக்குத் திருப்பித் தருவீங்க?"

பிறகு புடவையின் கரையை விரலால் நீவினாள். அவள் குரல் மாறியது. கோபம்கூட இல்லை.

"ஆபரேஷன் எதுக்குன்னு கேட்டவங்ககிட்டெல்லாம் சுகருக்குன்னு சொன்னேன். சுகருக்கும்தான். மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த டாக்டரு சும்மா பேச்சுக் கொடுத்தாரு. உடம்பு குறைஞ்சதும் முதல்ல என்ன செய்வீங்கன்னாரு. சிங்கப்பூர் போவேன்னேன். எங்க அண்ணன் இருக்காருன்னேன்."

அவள் எழுந்து போய் மாலை போட்ட என் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்றாள். வந்த ஆறு நாட்களில் அவள் அந்தப் பக்கம் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன சொன்னாள் என்று தெரியாது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் சமையலறைக்குப் போய், கழுவ வேண்டியதில்லாத கிண்ணங்களைக் கழுவினேன்.

மீதி இரண்டு நாளும் அவள் பயணத்தைக் கெடுக்கவில்லை. மகளோடு பூங்காவில் நடந்தாள். ஆற்றில் படகில் போனாள். படகின் மர இருக்கையையும் அளந்து பார்த்துச் சிரித்தாள். என்னிடம், "தண்ணி வேணுமாண்ணே", "இந்தப் பஸ்தானே", இவ்வளவுதான். அவள் கணவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஒரு மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவளுக்கு நேரம் கொடுங்க மச்சான்," என்றார். திருமணத்துக்கு வரவிடாமல் நான் அவமானப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். அவர் எனக்கு ஆறுதல் சொன்னது இன்னும் கனத்தது.

தையல்காரரிடம் கொடுத்த நான்கு ரவிக்கைகளையும் வாங்கி வந்தோம். அந்தக் கத்திரிப்பூ நிற ரவிக்கையை அவள் அவரிடம் தரவில்லை. வெட்டிவிடுவார் என்றாள்.

புறப்படும் காலை அறையிலிருந்து அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மகள் பின்னால் ஓடிவந்து முந்தானையைச் சரிசெய்தாள். "பிளவுஸ் எவ்வளவு பெருசு மாமா! பின்னால ஏழு ஊக்கு குத்தியிருக்கேன். ஏர்போர்ட்டு செக்கிங்ல மெஷின் கத்தப்போகுது," என்று சிரித்தாள். சாங்கி விமான நிலையம் வரைக்கும் டாக்சியில் தங்கை முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள். சாய்ந்தால் ஊக்கு குத்தும்.

உள்ளே போகும் இடத்தில் அவள் கணவரும் மகளும் முன்னால் போய்விட்டார்கள். அவள் நின்றாள். காலில் விழுவாளோ என்று பயந்தேன். சிறு வயதிலிருந்து நான் ஊரிலிருந்து புறப்படும்போதெல்லாம் விழுந்து கும்பிடுகிறவள். விழவில்லை.

"அண்ணிக்குத் திதி எப்போ?"

"ஐப்பசியில. வளர்பிறை பஞ்சமி."

"நான் வரேன்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உடனே சேர்த்துச் சொன்னாள்: "உங்களுக்காக இல்ல. அவங்களுக்கு."

"டிக்கெட்டு நான் போட்டு அனுப்புறேன்ம்மா," என்றேன்.

"வேணாம். நானே போட்டுக்கிறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒரு சீட்டுதானே. விசாரிச்சிட்டேன்."

திரும்பி நடந்தாள். முந்தானை விலகி, ஊக்குகள் வரிசையாக மின்னின. என் மனைவி மூன்று முறை போய்ப் பார்த்துத் தைக்கவைத்த ரவிக்கைக் கை, முழங்கைக்கு மேல் சரியான நீளத்தில் நின்றிருந்தது.